வேகத்தடை சொல்லிக் கொடுத்த பட்டம்

ஆட்டோவில் மைக் பிடித்து அறிவிப்புச் செய்கிறவனுக்குத் தொண்டை கட்டினால் கஷாயம் இருக்கிறது, நீளமான இங்கிலீஷ் சொல் வாயில் மாட்டிக்கொண்டால் வைத்தியமே கிடையாது. என்னைப் போலவே வாயை நம்பிப் பிழைக்கிற உங்களுக்குத் தெரியாததா?

ஏழு துண்டு

காரிமங்கலத்துக்குப் புதிதாக வந்த வயிற்று டாக்டரம்மா, இலவச முகாம் நோட்டீசை என் கையில் கொடுத்தார். அதில் அவர் பட்டம், கேஸ்ட்ரோஎன்டராலஜிஸ்ட். "வயித்து டாக்டருன்னு சொல்லிடறேங்கம்மா" என்றேன். சம்மதிக்கவில்லை. சனிக்கிழமைக்குள் பட்டம் சரியாக வராவிட்டால், செல்போனில் பதிவு செய்த குரலையே ஆட்டோவில் போட்டுவிடுவாராம். என் பிழைப்பு போச்சு!

அவரே பிரித்தும் காட்டினார். கேஸ், ட்ரோ, என், ட, ரா, ல, ஜிஸ்ட். முதல் இரண்டு துண்டு வயிறு, அடுத்த இரண்டு குடல், மிச்சமெல்லாம் அதைப் படித்தவர். ஐந்தாவதான 'ரா'வில் குரல் ஏற வேண்டும். ஆட்டோவில் உட்கார்ந்து இருபது தடவை சொன்னேன். ஓட்டுகிற ஜாபர் பாய் திரும்பிப் பார்த்தார்: "அண்ணே, இட்லித் தட்டு மாதிரி ஏழும் ஒரே உசரத்துல இருக்குது."

தூக்கிப் போட்டது

மொரப்பூர் ரோட்டில் ஒரு வேகத்தடை. நான் 'ட' சொல்லும்போது சக்கரம் ஏறியது. 'ரா' எகிறி, கூரையைத் தொட்டுத் திரும்பியது. அச்சு அசலாக டாக்டரம்மா சொன்ன மாதிரியே!

அன்றிலிருந்து வேகத்தடை உள்ள ஊரில்தான் பட்டம். இல்லாத ஊருக்கு வெறும் வயிற்று டாக்டர். நான் 'கேஸ்' என்றதும், 'ட'வில் மேடு வரும்படி பாய் வேகத்தைக் கணக்காக வைப்பார். ஆடு ஓட்டிவந்த ஓர் அம்மா வண்டியை நிறுத்தி, நோட்டீசை வாங்கிக்கொண்டு கேட்டார்: "ஏங்க, டாக்டரு பேரச் சொல்றப்ப மட்டும் இப்படித் துள்றீங்களே, உங்களுக்கே வவுத்து வலிங்களா?"

சமதளம்

சனிக்கிழமை, கிளினிக்கில் டைல்ஸ் தரை. ஒரு மேடு இல்லை, பள்ளம் இல்லை. "சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா. சொன்னேன், பழைய இட்லித் தட்டு. அவர் கை செல்போனுக்குப் போனது.

"இன்னொரு தடவைங்கம்மா" என்று கெஞ்சினேன். 'ட' வந்த நொடியில், பின்னால் நின்ற பாய் முழங்காலால் என் இடுப்பில் ஒன்று வைத்தார். 'ரா' எகிறியது, மருந்து அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது, குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தவர்கூட எழுந்து உட்கார்ந்தார். சிரிப்பை அடக்கமுடியாமல் டாக்டரம்மா சொன்னார்: "வேலை உங்களுக்குத்தான் பெரியவரே, ஆனா பாயையும் கூடவே கூட்டிட்டுப் போங்க."

அந்தப் பட்டத்தை டாக்டரம்மா தலையைக் கொடுத்துப் படித்து வாங்கினார், நான் இடுப்பைக் கொடுத்து வாங்கினேன்.