பங்சர் பார்த்த தண்ணீர்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று சிலர் கார்டு போட்டுக் கேட்டிருந்தீர்கள். 'ஒழிந்தான்' என்று நிம்மதியாக இருந்தவர்கள் எத்தனை பேரோ... அவர்கள் கார்டு போடவில்லை. பெரிய காரணம் ஒன்றுமில்லை. இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம். பேனா பிடிக்க முடியவில்லை.

எழுதி எழுதி வந்ததல்ல, பயப்படாதீர்கள்!

நாங்கள் ஐந்து பேர். ஒரே ஆபீஸ். நான்கு நாள் லீவு போட்டுவிட்டு சைக்கிள் டூர் கிளம்பினோம். தார் ரோடு கூடாது, வண்டிப்பாதையும் ஏரிக்கரையும்தான் — இது எங்கள் கேப்டன் சுந்தரம் போட்ட சட்டம். லாரித் தொல்லை இருக்காது, பாருங்கள். டீக்கடையும் இருக்காது என்று அவன் யோசிக்கவில்லை. நாங்கள் மட்டும் யோசித்தோமா?

மூன்றாம் நாள். உத்திரமேரூரில் காலையில் கிளம்பி, வாலாஜாபாத்தில் மத்தியானச் சாப்பாடு என்று பிளான். சித்திரை மாத வெயில்... ஹாண்டில்பாரில் கை வைக்க முடியவில்லை. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு பிடித்தோம். ஓர் ஏரிக்கரை மேல் போகும்போது, ராகவனின் பின்சக்கரம் 'புஸ்' என்றது. கருவேல முள்!

ராகவனுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகிறது. கிளம்பும்போது அவன் மனைவி என்னிடம் தனியாக வந்து, "அண்ணா, நீங்க கூடப் போறீங்கன்னுதான் அனுப்பறேன்" என்று சொல்லியிருந்தாள்.

டியூபைக் கழற்றினோம். ஓட்டை எங்கே என்று பார்க்கத் தண்ணீர் வேண்டும். ஏரியைப் பார்த்தோம். பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நடுவில் ஆடு மேய்ந்தது. எங்களிடம் மிச்சம் இருந்தது ஒரு மிலிட்டரி வாட்டர் பாட்டில். அதிலும் பாதிதான்.

ஐந்து பட்டதாரிகள் என்ன செய்வோம், சொல்லுங்கள்? அதை டிபன் கேரியர் அடுக்கில் ஊற்றி டியூபை முக்கினோம். குமிழி வந்ததும் கைகூடத் தட்டினோம். பேட்ச் ஒட்டியானதும் அந்தக் கறுப்புத் தண்ணீரைச் சுந்தரம் கரையில் கொட்டினான்.

"இன்னும் அரை மணியில பாலாறுடா! வேணுங்கிற மட்டும் குடிக்கலாம்!"

சித்திரையில்... பாலாற்றில்... தண்ணீர்! கார்ப்பரேஷன் குழாயைத் திறந்தே பழகியவர்களுக்கு ஆறு என்றால் தண்ணீர்தான். நாங்களும் தலையாட்டினோம்.

கொஞ்ச தூரம் போயிருப்போம். முன்னால் போன ராகவன் சைக்கிளை வளைத்து வளைத்து ஓட்டினான். விளையாடுகிறான் என்று நினைத்தேன். அப்படியே சைக்கிளோடு சாய்ந்தான்.

ஓடிப்போய்த் தொட்டால், உடம்பு கொதிக்கிறது. வியர்வை ஒரு சொட்டு இல்லை. என்னைப் பார்த்து, "சார், பைலை மேஜை மேலே வெச்சுட்டேன் சார்" என்றான். ஒற்றைப் பனைமரத்து நிழலில் அவனைக் கிடத்தினோம். தலைக்கு நிழல் இருந்தால் காலுக்கு இல்லை. உதடு அசைந்துகொண்டே இருந்தது. பிறகு அதுவும் நின்றது.

அவன் மனைவி முகத்தில் எப்படி விழிப்பேன்?

கரைக்குக் கீழே, கூப்பிடு தூரத்தில் ஒரு கிணறு தெரிந்தது. அதற்குச் சற்றுத் தள்ளி ஏழெட்டுப் பெண்கள், குடங்களோடு. பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"தண்ணி! தண்ணி குடுங்கம்மா! ஒரு ஆள் சாகக் கிடக்கிறான்!"

ஒருத்தியும் நகரவில்லை. குடங்கள் எல்லாம் காலி. கிணற்றுச் சுவர் மேல் வாளியும் கயிறும் சும்மா கிடக்கின்றன. எனக்கு வந்ததே கோபம்!

"நீங்களும் மனுஷங்கதானா? வாளி கண்ணெதிர்ல கிடக்கு, ஒரு வாளி இறைக்கக் கூடாதா?"

நடுவயதுக்காரி ஒருத்தி முன்னே வந்தாள். முனியம்மா என்று பெயர், பிறகு தெரிந்தது.

"நாங்க அத்தத் தொடக் கூடாது சாமி. எங்க கெணறு வத்திப் பூட்ச்சி. ஊர்க்காரங்க ஆரனா வந்து சேந்தி ஊத்தணும். அதுக்குத்தான் காத்தாலேந்து நின்னுகினு கீறோம்."

"யாருமே வரலையா?"

"அல்லாரும் துன்னுட்டுப் படுத்துகினு கீறாங்கோ. நீ சேந்திக்கோ சாமி. உன்ன ஆரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கோ."

என் பேண்ட்டைப் பார்த்தே முடிவு செய்துவிட்டாள். தீண்டாமை குற்றம் என்று சட்டம் இருக்கிறதே என்கிறீர்களா? இருக்கிறது. இதே பத்தியில் பாராட்டி எழுதியிருக்கிறேன். அந்தக் கிணற்றுக்குப் பத்திரிகை வருவதில்லை போலிருக்கிறது.

வாளியை விட்டேன். அது பாட்டுக்கு மிதந்தது. நான் எந்த ஜன்மத்தில் கிணற்றில் இறைத்திருக்கிறேன்? ஏழெட்டுப் பேரும் நின்ற இடத்திலிருந்தே கத்தினார்கள்.

"கயித்த ஒதறு! ஒரு வெட்டு வெட்டி வுடு நைனா!" சாமியாக இருந்தவன் அவசரத்தில் நைனாவாகிவிட்டேன்.

வாளி மேலே வந்தது. பாட்டிலில் ஊற்றப் போனேன்.

"புட்டித் தண்ணி எம்மாத்தம்? தலையோட ஊத்தணும்," என்று குடத்தை நீட்டிய முனியம்மா, சட்டென்று பின்னுக்கு இழுத்தாள். "எங்க கொடம் சாமி... அவுரு குடிப்பாரா?"

"கொண்டாம்மா முதல்ல!"

குடம் நிறைந்ததும் இடுப்பில் வைத்துக்கொண்டு கரைமேல் ஓடினாள். வெறும் பாட்டிலோடு ஓடிய நான் பின்தங்கினேன். அங்கே சுந்தரம் ராகவனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். தலையில், மார்பில், வயிற்றில் என்று முனியம்மா கொட்டினாள். பிறகு முந்தானையை நனைத்து உதட்டில் பிழிந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி பிழிந்தாள்.

ராகவன் இருமினான். கண்ணைத் திறந்து, "என் சைக்கிள் எங்கே?" என்றான்.

அப்பாடா! அவனை அங்கேயே அறையலாம் போலிருந்தது. கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது.

கீழே மற்றப் பெண்கள் இன்னும் அப்படியே நின்றிருந்தார்கள். போய் இறைத்தேன். குடம் குடமாக இறைத்தேன். கொப்புளம் வந்த கதை இதுதான்.

கடைசிக் குடத்தின்போது ஊருக்குள்ளிருந்து ஓர் இளைஞன் கொட்டாவி விட்டுக்கொண்டு வந்தான். சண்டைக்கு வருகிறான் என்று பயந்தேன். என்னைப் பார்த்தான், குடங்களைப் பார்த்தான். "அட, சேந்தியாச்சா? நல்லதாப் பூட்ச்சி," என்று திரும்பிப் போய்விட்டான், விட்ட தூக்கத்தைத் தொடர.

வெயில் தாழ்ந்து நாங்கள் கிளம்பும்போது முனியம்மா வந்தாள்.

"நாளிக்கும் இந்தப் பக்கமா வருவீங்களா சாமி?"

ராகவனுக்குக் குஷி திரும்பிவிட்டது. "எதுக்கும்மா? இன்னொரு தரம் மயக்கம் போட்டு விழணுமா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை. "நான் வெளையாட்டுக்குக் கேக்கல சாமி," என்றாள்.

யாராவது அந்தப் பக்கம் சைக்கிளில் போவதாக இருந்தால், தயவுசெய்து உச்சி வெயிலில் போங்கள்.