நூற்றுநான்காம் டோக்கன்

எனக்கு அப்போது ஏழு வயது. திருவனந்தபுரத்தில், கரமனை ஆற்றுக்குப் பக்கத்தில் ஓர் ஒற்றை அறையில் குடியிருந்தோம். அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள். அந்த வாரம்தான் பள்ளியில் டீச்சர் ஈரிலக்க எண்கள் இரண்டில் எது பெரிது என்று கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்திருந்தார். முதலில் நிற்கும் இலக்கத்தைப் பார்க்க வேண்டும். அது எதில் பெரிதோ அந்த எண்தான் பெரிது. நான் ஒரு கணக்கில்கூடத் தவறவில்லை. நோட்டில் நட்சத்திரம் போட்டுக் கொடுத்தார். அந்த ஒரு நட்சத்திரத்தில் நான் பெரிய கணக்குப் புலியாகிவிட்டேன்.

தம்பிக்கு ஒன்றரை வயது. மூன்று நாளாகக் காய்ச்சல் விடவில்லை. அப்பா வேலைக்குப் போய்விட்டதால் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். எங்கள் டோக்கன் நூற்றுநான்கு. உட்கார இடம் கிடைத்தது ஒரு தூணுக்குப் பின்னால். டாக்டர் அறைக்கு மேலே எண் எரியும் பலகை அங்கிருந்து தெரியாது.

“எத்தன ஓடுதுன்னு பாத்துட்டு வாட்டி” என்று அம்மா என்னை அனுப்பிக்கொண்டே இருந்தாள்.

எண்பத்தெட்டு. எண்பத்தொன்பது. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் தம்பி இன்னும் கொஞ்சம் துவண்டிருந்தான். அழுதுகொண்டிருந்தவன் அழுகையை நிறுத்திவிட்டான். அதுதான் அம்மாவை இன்னும் பயமுறுத்தியது. அவன் கன்னத்தைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டாள். கண்கள் பாதி திறந்து மேலே செருகின.

பலகையில் தொண்ணூற்றொன்று வந்தது. என் கையிலிருந்த டோக்கனை அப்போதுதான் பார்த்தேன். ஒன்றில் தொடங்குகிறது. பலகை ஒன்பதில் தொடங்குகிறது. அம்மாவிடம் ஓடினேன்.

“அம்மா, நம்ம நம்பர் எப்பவோ போயிட்டு! ஒம்பதுதான பெருசு? நமக்கு ஒண்ணுதான்!”

அம்மா ஒரு கணம் என்னையே பார்த்தாள். பிறகு தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு போய்க் கதவைப் படபடவென்று தட்டினாள்.

“எங்க நம்பர் போயிட்டாம் சிஸ்டர்! என் மவ பாத்துட்டுச் சொல்லுதா!”

கதவைத் திறந்த நர்ஸ் டோக்கனைப் பார்த்துவிட்டுக் கோபப்பட்டார். “இப்போ தொண்ணூத்தி ஒண்ணே ஆயிட்டுள்ளூ சேச்சி. போயி இரிக்கு.” இப்போது தொண்ணூற்றொன்றுதான் ஆகிறது, போய் உட்கார் என்று மலையாளத்தில் விரட்டினார்.

வரிசையில் இருந்தவர்களும் சத்தம் போட்டார்கள். அம்மா நகரவில்லை. தம்பியைத் தோளிலிருந்து இறக்கி நர்ஸின் முகத்துக்கு நேரே நீட்டினாள். அப்போதுதான் அவன் கைகால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. நர்ஸ் அவனைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினார்.

வலிப்பு நின்று, அவன் மறுபடி வீறிட்டு அழுதபோது மதியம் ஆகிவிட்டது. அந்த நர்ஸ்தான் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். டோக்கனின் பின்புறம் 91 என்றும் அதற்குக் கீழே 104 என்றும் எழுதினார். மேலே இரண்டு இலக்கம், கீழே மூன்று. முதலில் எத்தனை இலக்கம் என்று எண்ண வேண்டும். அதன் பிறகுதான் முதல் இலக்கத்தைப் பார்க்க வேண்டும் என்றார்.

“தப்பாச் சொல்லிட்டேம்மா” என்று அழுதேன்.

அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். திட்டவே இல்லை. எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. தினமும் நூறு, இருநூறு என்று செங்கல் எண்ணி அடுக்குகிற அவளுக்குத் தொண்ணூற்றொன்றுக்குப் பிறகுதான் நூற்றுநான்கு வரும் என்பது தெரியாமலா இருந்திருக்கும் என்று யோசிக்க எனக்கு இன்னும் பல வருடங்கள் தேவைப்பட்டன.