பாதிச் சர்க்கரை மாங்காய் ஜாம்

என் கணவருக்குச் சர்க்கரை நோய் என்று வேலூர் டாக்டர் சொன்னதும் அவர் முதலில் கேட்டது, "மாங்கா ஜாம் துன்னலாமுங்களா?" என்றுதான். டாக்டர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், கால் மரத்துப்போகிறதா என்று கேட்டார். "கால் மரத்துப்போனா தறி எப்படிங்க மிதிக்கிறது?" என்று இவர் சிரித்தார். பட்டு நெய்கிறவரிடம் போய்க் காலைப் பற்றிக் கேட்கிறாரே என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

எங்கள் வீட்டு ஜாம் அடுப்பேறாது. கிளிமூக்கு மாங்காயைத் துருவி, கிலோவுக்குக் கிலோ சர்க்கரை கலந்து, ஜாடியின் வாயைத் துணியால் கட்டி, பாகு இறுகும்வரை தினமும் மொட்டைமாடி வெயிலில் வைப்போம். ஆரணி வெயிலால் ஆகும் ஒரே நல்ல காரியம் அது. அந்த வருடம் சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தேன். சர்க்கரைதான் ஜாமைக் கெடாமல் காப்பது, குறைத்தால் பூஞ்சணம் பிடிக்கும் என்று என் நாத்தனார் சொன்னாள். நான் செய்த எதைத்தான் அவள் உருப்படும் என்றாள்?

கெடவில்லை. பத்தாம் நாள் பாகு பளபளத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் நாலு வீட்டுக்கு, அவர்கள் கேட்காமலே, பக்குவம் சொன்னேன். இவருக்குத் துணையாக நானும் இனிப்பை விட்டிருந்ததால் ருசி மட்டும் பார்க்கவில்லை. இவரும் அதிசயமாக ஒத்தாசைக்கு வந்தார். குடித்த டம்ளரைக்கூட நகர்த்தாத மனிதர், காலையில் ஜாடியைத் தானே மாடிக்குத் தூக்கிப்போனார். நோய் வந்தாலும் புத்தி வந்ததே என்று பூரித்துப்போனேன்.

மூன்றாம் வாரம் எதிர்வீட்டுக்காரி தன் ஜாடியோடு வந்து நின்றாள். உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம், கள் வாடை.

"இன்னாக்கா, உன்னுது மட்டும் கெடல? பக்குவம் சொல்றப்போ இன்னாத்தையோ மறைச்சிட்ட. நாலு வூட்டு மாங்காயும் குப்பைக்குப் போச்சு."

"சத்தியமா பாதிதான்டி போட்டேன். நீயே துன்னு பாரு."

ஒரு விரல் நக்கிப் பார்த்தாள். "இதுவா பாதி? திகட்டுது!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாடிப்படியைப் பார்த்தேன். அங்கிருந்து ஓர் எறும்பு வரிசை சுவரோரமாக இறங்கித் தறிக்கூடத்துக்குள் போனது. இவர் வழக்கம்போலத் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு நெய்துகொண்டிருந்தார். வீட்டில் நான் துடைப்பத்தைக்கூட நுழைக்காத இடம் அந்தக் குழி ஒன்றுதான். எட்டிப் பார்த்தேன். மிதிக்கட்டைக்குப் பக்கத்தில், வாய் கிழிந்த சர்க்கரைப் பொட்டலம்.

"என் தங்கச்சி கெட்டுப்போவும்னு சொல்லிச்சே," என்றார், நான் வாயைத் திறப்பதற்குள். "தெருவே உன்னைப் பாத்துச் சிரிக்கக்கூடாதுன்னுதான் டெய்லி ஒரு பிடி போட்டேன்."

என் மானத்தைக் காப்பாற்றினாராம். அவர் குலத்தையே இழுத்துத் திட்டத் தயாரானேன். அப்போதுதான் பொட்டலத்துக்குப் பக்கத்திலிருந்த அவர் பாதங்களைக் கவனித்தேன். இரண்டிலும் செவ்வெறும்பு மொய்த்துக் கிடந்தது. கணுக்கால்வரை கடித்துத் தடிப்புத் தடிப்பாக வீங்கியிருந்தது.

"ஏங்க, எறும்பு கடிக்கலையா?"

"எந்த எறும்பு?" என்று கேட்டுவிட்டு, அவர் மிதிக்கட்டையை அழுத்தினார்.