சீமாறு படாத பொரசங்கன்று

சூலூரிலிருந்து நடந்து போகிற தூரத்தில் எங்கள் கருப்பணசாமி கோயில். கோபுரமெல்லாம் கிடையாது. ஒரு மேடை, நட்டு வைத்த நாலு வேல், சுற்றிலும் ஏழு பொரச மரங்கள். மகளுக்கு மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்தபோது, "என் உசுரு இருக்கற வரைக்கும் உன் வாசலைக் கூட்டறேன் சாமி" என்று வேண்டிக்கொண்டேன். அன்று முதல் விடிந்ததும் சீமாறும் கையுமாகப் போய்விடுவேன். வீட்டுக்கு விலக்கான நாட்களில் மட்டும் வீட்டுக்காரர் போவார். ஒரு சருகு, ஒரு முளை இல்லாமல் தரை துடைத்துவிட்ட மாதிரி கிடக்கும்.

நாலைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், கோயமுத்தூரில் மரங்களைப் பற்றிப் படிக்கிற ஒரு பெண் நாடாவோடு வந்தாள். வண்டிச் சக்கரத்துக்கும் வாசல் நிலைக்கும் வெட்டி வெட்டிப் பொரசு அருகிப்போய்விட்டது, இருப்பதையாவது எழுதி வைக்கிறோம் என்றாள். ஏழு மரத்தையும் சுற்றளவு அளந்து நோட்டில் குறித்தாள். பிறகு தரையில் குத்தவைத்து எதையோ தேடினாள்.

"ஏனுங்க அக்கா, கன்னு ஒண்ணுகூடக் காணமுங்களே?"

"எப்பிடி வரும் கண்ணு? நாந்தான் தெனமும் கூட்டிப்போடறனே." பெருமையாகத்தான் சொன்னேன்.

அவள் முகம் வாடிவிட்டது. "ஏழுமே கெழடுங்க அக்கா. இதுகளுக்கு அப்பறம் ஆருங்க இருக்கறாங்க?"

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும் அம்மணி, கண்ணாலமா பண்ணி வெக்க முடியும்?"

சிரித்துவிட்டாள். "சீமாத்தக் கீழ வெச்சாப் போதுமுங்க."

அத்தனை வருஷம் சாமிக்குச் செய்கிறேன் என்று நினைத்து நான் வாரிக் கொட்டியது குப்பையை மட்டுமல்ல என்று அன்றைக்குத்தான் உறைத்தது. சாமியிடம் நின்று சொன்னேன்: மரத்தடியை விட்டுவிடுகிறேன், அதற்குப் பதிலாகக் கோயிலிலிருந்து ரோடு வரைக்கும் பாதையைக் கூட்டுகிறேன். வேலை இரண்டு மடங்காகிவிட்டது. இடுப்பு விட்டுப்போனது. ஆனால் ஐப்பசி மழைக்கு மரத்தடியெல்லாம் விரல் நீளத்துக்குக் கன்றுகள். மிதித்துவிடாமல் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

தை மாதம் மகளுக்கு மறுபடி காய்ச்சல். ஊசி போட்டும் மூன்றாம் நாளும் இறங்கவில்லை.

"சாமிகிட்டச் சொன்ன வாக்க மாத்திப்போட்டு இப்ப அழுதா?" என்றார் வீட்டுக்காரர். அவரும் பயத்தில்தான் சொன்னார்.

விடிந்ததும் சீமாற்றை எடுத்துக்கொண்டு ஓடினேன். மரத்தடி முழுவதும் கூட்டினேன். பனியில் நனைந்த மண், கன்றுகள் வேரோடு வந்துவிட்டன. கூட்டக் கூட்ட அழுகை வந்தது, கை நிற்கவில்லை. வீட்டுக்கு வந்தபோது மகள் எழுந்து உட்கார்ந்து, ரசம் ஊற்றிச் சோறு கேட்டாள். ஊசியா, சாமியா? இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் பயம்.

வெயில் காலம் முடிந்து அந்தப் பெண் திரும்ப வந்தாள். தரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். காய்ச்சல் வந்ததைச் சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை. "பாப்பா நல்லாருக்குதுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

பிறகு வேல்களுக்குப் பின்னால் போனவள், "அக்கா, இங்க வாங்க!" என்று கத்தினாள். கடைசி வேலின் அடியை ஒட்டி ஒரு பொரசங்கன்று, சாண் உயரம். வேலில் சீமாறு படக்கூடாது என்று அதன் அடியில் மட்டும் எப்போதும் கையால்தான் பொறுக்குவேன். அன்றிருந்த பதற்றத்தில் அங்கே பொறுக்க மறந்திருக்கிறேன்; அதற்கப்புறமும் வேலுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கவில்லை.

"நீங்க உட்டு வெச்சதுங்களா?"

"நான் எங்க உட்டேன்? சாமி புடிச்சு வெச்சிருக்குது."

நோட்டில் அதையும் எழுதிக்கொண்டாள்.

மற்ற இடத்தைக் கூட்டாமல் விடுகிற தைரியம் அப்புறம் எனக்கு வரவில்லை. பாதையையும் சேர்த்துத்தான் கூட்டுகிறேன். சாமியிடம் சொன்னதைத் திரும்ப வாங்க முடியாதே. அந்த வேலடியில் மட்டும் இப்போது கையும் வைப்பதில்லை. கன்று என் இடுப்புக்கு வந்துவிட்டது. ஏழு கிழட்டு மரத்துக்கு ஒன்று. போதுமா என்று அந்தப் பெண்ணிடம் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.