ரிப்பன் சுவர்

என் மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த சில வாரங்களில் ஒரு நாள், அடுப்பில் குக்கர் விசில் அடித்தது. தரையில் உட்கார்ந்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தவள் பென்சிலைக் கீழே வைத்தாள். கண்ணை மூடி, இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் பதித்தாள். விசில் அடங்கியதும் "ஆச்சு" என்று சொல்லிவிட்டு மறுபடி பென்சிலை எடுத்தாள்.

"என்னடி பண்ற?"

"சங்கு ஊதுனா இப்பிடித்தாம்மா இருக்கணும். வெடி போட்டு முடிஞ்சதும் எல்லாரும் ஆச்சு சொல்லணும். அப்பறந்தான் டீச்சர் பாடம் நடத்துவாங்க."

"பயமா இருக்குமா?"

"கண்ண மூடிக்கிட்டா பயம் இருக்காது."

எனக்குச் சொல்லிக்கொடுப்பது போலச் சொன்னாள். நான் சிறுவாச்சூர்ப் பக்கத்துப் பெண். நெடுஞ்சாலைச் சத்தத்தில் வளர்ந்தவள். அரியலூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்த பிறகுதான் பூமிக்கு அடியிலிருந்து வரும் சத்தம் பழகியது. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் மத்தியானம் சங்கு ஊதுவார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பாத்திரங்கள் மெல்ல அதிரும். ஆரம்பத்தில் நான் ஒவ்வொரு முறையும் வாசலுக்கு ஓடிவருவேன். என் கணவருக்கு சிமெண்ட் ஆலையில் வேலை. "அளவு பாத்துத்தான் வெடி வெக்கிறாங்க, நீ ஏன் பதறுற?" என்பார். நானும் படித்தவள்தானே, அளவு என்ற ஒன்று இருக்கும் என்று நம்பினேன்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது பற்றி எங்கள் வீட்டில் பேச்சே எழவில்லை. பெண் பிறந்த அன்றே முடிவான விஷயம் அது. என் கணவரின் அக்கா அங்கே படித்துத்தான் நர்ஸ் ஆனார், இப்போது பெரம்பலூரில் வேலை பார்க்கிறார். அவர் படித்த காலத்துக்கு முன்னால் எங்கள் பக்கத்துப் பெண் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுவார்களாம். மேலே படிக்க டவுனுக்குப் போக வேண்டும், அதற்குக் கல் லாரிகள் போகும் ரோட்டைத் தாண்ட வேண்டும். சைக்கிளில் போன ஒரு பெண் லாரியில் அடிபட்டு இறந்துபோனாள். அதோடு எல்லா அப்பாக்களும் வாசலை அடைத்துவிட்டார்கள்.

அப்போது ஒரு இளம் டீச்சர் தன் அப்பாவின் பருத்தி குடோனைக் கேட்டு வாங்கி அதில் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். பொம்பளப் பிள்ளைகளுக்கு மட்டும். வீடு வீடாகப் போய் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "ரோட்டத் தாண்ட வேணாம், நடந்தே வந்துட்டு நடந்தே போயிடலாம்." வேறு எந்தப் பெருமையும் அவர் பேசவில்லை. ஊர் அதைக் கேட்டது. குடோன் ஒன்றாம் வகுப்பானது. அதை ஒட்டி மற்ற அறைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. அந்த டீச்சருக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. எல்லோருக்கும் அவர் பெரிய டீச்சர். எண்ணெய் வைத்து மடித்துக் கட்டிய இரட்டைச் சடை, பச்சை ரிப்பன், சத்தம் போடாத நடை. அந்தப் பள்ளிக்கூடத்துப் பெண்களை பஸ் ஸ்டாண்டில் தூரத்திலிருந்தே அடையாளம் சொல்லிவிடலாம்.

பள்ளிக்கூடம் நகரவில்லை. சுரங்கம்தான் ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாக அதன் பக்கம் வந்துகொண்டிருந்தது.

பொங்கலுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, பத்தாம் வகுப்புப் பெண்கள் ஒன்றாம் வகுப்பு அறைக்கு வெள்ளையடிப்பார்கள். அது அந்தப் பள்ளிக்கூடத்தின் வழக்கம். பழைய மாணவிகளும் வருவார்கள், ஆளுக்கொரு டப்பாவில் புளிச்சோறு வரும். நாத்தனார் பெரம்பலூரிலிருந்து வந்து என்னையும் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே கல்யாண வீடு போல இருந்தது. சுண்ணாம்பு வாளிகள், இடுப்பில் செருகிய தாவணிகள், சிரிப்பு. வயதான பெண்களெல்லாம் பெரிய டீச்சரைக் கண்டதும் சட்டென்று சின்னப் பிள்ளைகள் போலக் கையைக் கட்டிக்கொண்டார்கள்.

வெள்ளையடிப்பதற்கு முன்னால் ஒரு சடங்கு இருந்தது. அறையின் பின் சுவர், சுரங்கத்தைப் பார்த்த சுவர், மேலிருந்து கீழாக விரிசல் விட்டிருந்தது. ஒவ்வொரு பெண்ணும் தன் சடையை அவிழ்த்து, ரிப்பனைச் சுருட்டி, அந்த விரிசலுக்குள் திணித்தாள். எல்லோரும் திணித்து முடித்ததும் குழைத்த சுண்ணாம்பை அதன் மேல் பூசி வழித்தார்கள். அழுதுகொண்டே பூசினார்கள். எனக்கும் கண் கலங்கியது. என் மகளும் ஒரு நாள் இங்கே இப்படி நிற்பாள் என்று நினைத்தேன்.

நாத்தனார் என் தோளில் இடித்துச் சிரித்தார். "எங்க செட்டுலல்லாம் ரிப்பன உள்ள தள்ள ஊக்கு வெச்சுக் குத்துனோம். ஒருத்தி வளையலே ஒடஞ்சுபோச்சு. இவளுகளுக்கு என்ன சொகம் பாரு, கையே உள்ள போவுது."

நான் திரும்பிப் பார்த்தேன். ஒரு பெண் மணிக்கட்டு வரை கையை விட்டிருந்தாள். பக்கத்திலிருந்தவளிடம், "உள்ள சில்லுன்னு காத்து வருதுடி" என்றாள். அவளுடைய தோழி தானும் கையை விட்டுப் பார்த்துச் சிரித்தாள்.

"அண்ணி, அப்ப இது வருஷா வருஷம் பெருசாவுதா?"

"பழைய கட்டடம். எல்லாம் அப்பிடித்தான் இருக்கும்."

"இஞ்சினியர் யாரும் வந்து பாக்க மாட்டாங்களா?"

"வருவாங்களே. பொங்கல் கழிச்சு வருவாங்க, பாப்பாங்க, கையெழுத்து போட்டுட்டுப் போவாங்க. நீ ஏன் நல்ல நாள்ல மூஞ்சிய இப்பிடி வெச்சிருக்க? ஒங்க ஊருல சொவரே விரியாதா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன். வருகிறவர் பார்ப்பது பால் போல வெளுத்த சுவரைத்தான் என்று எனக்குத் தோன்றியது. யாரும் ஏமாற்றவில்லை. பொங்கலுக்கு வெள்ளையடிப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். பிரிந்து போகிறவர்கள் எதையாவது விட்டுவிட்டுப் போக ஆசைப்படுவதும் உலகத்தில் இல்லாதது அல்ல. ஆனால் அந்தச் சுவரை ஒட்டிப் போட்டிருக்கும் பாயில்தான் என் மகள் தினமும் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டிருந்தாள்.

பொங்கல் விடுமுறை முடியும் வரை யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு எப்போதும் உள்ள பதற்றமாக இருக்கலாம் என்று என்னையே அடக்கிக்கொண்டேன். பள்ளி திறந்த அன்று பெரிய டீச்சரைப் பார்க்கப் போனேன்.

"வாம்மா, உக்காரு." அவர் குரல் உயராது. நான் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "எனக்குத் தெரியாம இருக்குமா? மண்ணும் சுண்ணாம்பும் வெச்சுக் கட்டுன சொவரு, கொஞ்சம் அசைஞ்சு குடுக்கும். ஆனா அத இப்ப நாம வாயால சொல்லிட்டோம்னா மொத்தத்தையும் பூட்டிருவாங்க. ஒன் பொண்ண நீ பெரம்பலூருக்குப் பஸ்ல அனுப்பிருவ. இங்க பாதிப் பேரு அனுப்ப மாட்டாங்க. அடுத்த வருஷமே மாப்பிள்ள பாப்பாங்க."

அவர் சொன்னது பொய் இல்லை.

"நாளையிலேருந்து ஒன் பொண்ண வாசப் பக்கம் உக்கார வெக்கச் சொல்றேன். சரியா?"

நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

மறுநாள் மகளைக் கொண்டுபோய் விட்டேன். வாசல் பக்கம் அவளுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். சுவரோரம் காலியாக இருக்கும் என்று ஏன் நினைத்தேனோ தெரியவில்லை. அங்கே எங்கள் பின் தெருவில் இருக்கும் டிப்பர் லாரி டிரைவரின் மகள் உட்கார்ந்திருந்தாள். இதுவரை அவள் இருந்தது வாசல் பக்கம். புது இடம் கிடைத்த சந்தோஷத்தில் சுவரில் முதுகை முட்டி முட்டி ஆடிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துக் கையாட்டினாள்.

வீட்டுக்கு வந்த பிறகு வேலை எதுவும் ஓடவில்லை. மத்தியானம் சங்கு ஊதியது. பாத்திரங்கள் அதிர்ந்தன. சாயங்காலம் வரை காத்திருக்க முடியாமல் பின் தெருவுக்குப் போனேன். அந்தக் குழந்தையின் அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எங்களுக்குள் பார்த்தால் சிரிக்கும் பழக்கம் மட்டும்தான். என் பெண் இடம் மாறியது, அவள் பெண் இடம் மாறியது, ஏன் மாறியது என்று எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் ஒரு முறைகூட அவள் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த சட்டையை மட்டும் இறுக்கிப் பிழிந்துகொண்டே இருந்தாள்.

"ஒம் புள்ள தப்பிச்சிருச்சு. அப்பறம் எதுக்கு வந்த?"

"நான் அப்பிடிக் கேக்கலம்மா. அவங்களா மாத்துனாங்க."

"சரி." சட்டையைக் கொடியில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்தாள். "நாளைக்கு சங்கு ஊதறதுக்கு முன்னாடி போவோம்."

"பெரிய டீச்சர் கோவிச்சுக்குவாங்க."

"நான் அங்க எட்டோட நின்னவ. என் ரிப்பன் அந்தச் சொவத்துல இல்ல. எனக்கு அது மேல ஒரு பாசமும் கெடையாது."

மறுநாள் நாங்கள் போனபோது பெரிய டீச்சர் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. நான் பேச வாயெடுப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள். "டீச்சர், புள்ளைங்கள வெளிய வேப்ப மரத்தடிக்கு அனுப்புங்க. நீங்க வந்து அந்த எடத்துல உக்காருங்க. ஒரே ஒரு தரம். கண்ண மூடாம."

நான் வெட்கத்தில் தரையைப் பார்த்தேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் ஒன்றாம் வகுப்பு டீச்சரைக் கூப்பிட்டுப் பிள்ளைகளை வெளியே அனுப்பச் சொன்னார். பிறகு அறைக்குள் போய் நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். சுவரோரம் உட்காரவில்லை. அதை நாங்கள் இருவருமே கவனித்தோம், சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் வாசலில் நின்றோம்.

சங்கு ஊதியது. வெளியே பிள்ளைகளின் சத்தம் கத்தரித்தது போல நின்றது. மற்ற வகுப்புகளும் அடங்கின. பள்ளிக்கூடம் முழுவதும் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷமாக அப்படித்தான் மூடிக்கொண்டிருந்திருக்கிறது. வெடிக்கும் நேரத்தில் அந்தச் சுவரை இதுவரை யாருமே பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெரிய டீச்சரும் பார்த்ததில்லை.

முதலில் காலுக்கடியில் வந்தது. பிறகு சுவரில். புதுச் சுண்ணாம்பின் மேல் ஒரு கோடு மேலிருந்து கீழாக ஓடி, உதடு பிரிவது போலப் பிரிந்தது. உள்ளே பச்சையாக ஏதோ தெரிந்தது. மறுபடி மூடிக்கொண்டது. வெள்ளைத் தூள் அந்தப் பாயின் மேல், குழந்தைகள் உட்காரும் இடத்தில், சத்தமில்லாமல் கொட்டியது.

வெளியே பிள்ளைகள் ஒரே குரலில் "ஆச்சு" என்றார்கள்.

பெரிய டீச்சர் அதைச் சொல்லவில்லை. எழுந்தபோது நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "பாயெல்லாம் எடுத்துட்டுப் போயி ரெண்டாங் கிளாஸ்ல போடச் சொல்லும்மா" என்று என்னிடம்தான் சொன்னார். அன்றே அந்த அறையைப் பூட்டினார்கள். சாவி அவர் இடுப்பில் இருந்தது. யாருக்கும் எழுதிப்போடவில்லை, யாரையும் கூப்பிட்டுக் காட்டவும் இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ என்று இப்போதும் யோசிக்கிறேன். கேட்டிருந்தால் இத்தனை பெண்களும் எங்கே போவார்கள் என்றும் யோசிக்கிறேன்.

ஊரில் பேச்சு வேறு மாதிரி போனது. நாத்தனார் போனில், "வந்தவ வாய் வெச்சா, எங்க கிளாஸ் ரூமுக்குப் பூட்டு விழுந்துருச்சு" என்றார். பாதி கேலி, பாதி நிஜமான வருத்தம். என் கணவர், "இப்ப நிம்மதிதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். இரண்டு வகுப்பும் ஒரே அறையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. என் மகளும் டிரைவர் மகளும் பக்கத்தில் பக்கத்தில். டிரைவரின் மனைவியும் நானும் சாயங்காலம் சேர்ந்தே போய்க் கூட்டிவந்தோம்.

போன வாரம் மகளின் தண்ணீர் பாட்டிலை எடுக்க அந்த இரண்டாம் வகுப்பு அறைக்குள் போனேன். பிள்ளைகள் வெளியே வரிசையில் நின்றார்கள். பின் சுவரில், பூட்டிய அறைப் பக்கமாக, ஒரு பெரிய பழங்கள் படம் மாட்டியிருந்தது. மாம்பழம், சீத்தாப்பழம், பலாப்பழம். இரண்டு நாள் முன்பு அது அங்கே இல்லை. குழந்தைகள் பார்க்கிற உயரத்தில் மாட்டாமல், பீரோவுக்குப் பின்னால் பாதி மறையும்படி தரையை ஒட்டினாற்போல மாட்டியிருந்தார்கள்.

படத்தின் ஓரத்தை விரலால் தூக்கினேன். சுவரில் ஒரு கோடு இருந்தது. தலைமுடி கனம்தான். பூட்டிய அறைப் பக்கமிருந்து தொடங்கி, பீரோவைத் தாண்டி, பாய்கள் சுருட்டி வைத்திருக்கும் மூலை வரை போயிருந்தது.

இரண்டாம் வகுப்பு டீச்சர் வராந்தாவில் எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். நான் படத்தை விடவில்லை. தூக்கிப் பிடித்தபடியே ஜன்னல் வழியாக, கேட்டருகே நின்ற டிரைவரின் மனைவியைக் கூப்பிட்டேன்.

"கொஞ்சம் உள்ள வாங்க."

அவள் செருப்பைக் கழற்றாமலே வந்தாள்.