மாமியின் கடைவாய்ப் பல்

என் மாமியாருக்கு நான் டாக்டர் இல்லை, ‘பல்லு பிடுங்குகவ’. கல்யாணம் ஆனதிலிருந்து வீட்டில் அதுதான் என் பேர். அஞ்சுகிராமத்தில் என் கிளினிக்குக்கு ஊரே வந்து வாயைத் திறக்குது. இவங்க வாயைத் திறந்தா எனக்கு ஏச்சுதான். அப்படிப்பட்ட மாமி, வேர் சிகிச்சை முடிஞ்ச கடைவாய்ப் பல்லுக்கு கேப் போட என் நாற்காலியிலேயே வந்து உட்கார்ந்தாங்க. இந்த ஒரு பல்லு சரியா அமைஞ்சா என்னை டாக்டர்னு ஒத்துக்கிட்டே ஆகணும். எனக்கு அந்த வெறி இருந்தது.

பல்லைக் கொஞ்சமாத்தான் சீவினேன். பல்லின் சுவர் நேரா நின்னாத்தான் கேப்பைப் பிடிக்கும். ஆனா அதுக்கு, கேப்புக்கு உள்ளே சிமென்டுக்குன்னு விடுற இடைவெளியைக் கொஞ்சம் கூட்டணும். இல்லேன்னா சிமென்ட் பிதுங்கி வெளியேற வழியில்லாம கேப் பாதியில நின்னுடும். நாகர்கோவில் லேப்காரனிடம் இதைப் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தேன்.

செராமிக் கேப் வந்தது. வச்சு அழுத்தினேன். கேறல்லை, பாதியிலேயே நின்னுடுச்சு. கடிக்கச் சொன்னா அந்தப் பல்லு மட்டும் முந்திக்கிட்டு முட்டுது.

“ஏட்டி, வாய மூட முடியல்லியே! இதுக்காக்கும் இத்தன வருசம் படிச்சே?”

லேப்காரனைப் போனில் பிடிச்சேன்.

“நம்ம பெரிய டாக்டருக்கு டைட்டா இருக்கணும், மேடம். கம்ப்யூட்டர்ல அவரு செட்டிங்கைத்தான் எல்லாருக்கும் போடுகது. அவருகிட்டேருந்து ஒரு கேப்பும் திரும்பி வந்ததில்லயே.”

என்ன திமிரு பாருங்க! திரும்பி எப்படி வரும்? எங்க வட்டாரத்தின் மூத்த பல் டாக்டரான அந்த மனுசன் பல்லைப் பென்சில் மாதிரிக் கூராச் சீவுறவர். அதில எந்தக் கேப்பும் வழுக்கிக்கிட்டுப் போய் உட்காரும். இடைவெளியைக் கூட்டி வேற செஞ்சு அனுப்புன்னு கத்தினேன்.

அது வர்றதுக்குள்ளே மாமி பெரிய டாக்டரிடம் போயாச்சு. நான் பொத்திப் பொத்தி மிச்சம் வச்ச பல்லை அவர் சீவித் தள்ளினார். அதே லேப், அதே செட்டிங். சபை அசன விருந்தில் மாமி ஆட்டெலும்பைக் கடிச்சுக் காட்டி, “வச்சதும் கேறிச்சு பாத்துக்க. அவராக்கும் டாக்டரு!” என்றாங்க, பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி. பக்கத்து இலையில் நான். எனக்குச் சோறு இறங்கல்லை.

போன வாரம் மாமி கைக்குட்டையில் எதையோ முடிஞ்சுக்கிட்டு கிளினிக்குக்கு வந்தாங்க. பிரிச்சா, கேப். உள்ளே முறிஞ்ச பல்லும் சேர்ந்தே இருந்தது.

“பெரிய டாக்டர் என்ன சொன்னாரு?”

“மொதல்ல சீவினவ சரியாச் சீவல்லியாம். அதான் முறிஞ்சுதாம். பேசாம ஒட்டித் தா.”

விளக்கைப் போட்டுப் பார்த்தேன். வேர் ஈறுக்கு அடியில இரண்டாப் பிளந்து கிடந்தது.

“இனி ஒட்டாது மாமி. பிடுங்கணும்.”

“பிடுங்கு,” என்று கண்ணை மூடிச் சாய்ஞ்சுக்கிட்டாங்க. “அது ஒண்ணுதானே உனக்குத் தெரியும்.”