‘இந்தாங்க’வுக்கு இங்கிலீஷ்

இசைவாணி கெட்டிக்காரி. பொல்லாதவளும்தான். தஞ்சாவூரில் அரிசி ஏற்றுமதி செய்யும் அலுவலகம் ஒன்றில் ஒன்பது வருடம் அவளோடு வேலை பார்த்தவள் நான். அவளைப் பற்றி எனக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரத்தநாட்டுப் பக்கத்துப் பெண். அப்பா ரெத்தினம் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்துப் படிக்கவைத்தார். வரவேற்பு மேசையில் சேர்ந்த மூன்றாம் நாள் வெளிநாட்டு வியாபாரி ஒருவர் வந்தார். சாம்பிள் அரிசிப் பொட்டலத்தை இரண்டு கையாலும் நீட்டி, “டேக் இட், சார்” என்றாள். ‘இந்தாங்க’ என்று சொன்னதாகத்தான் அவள் நினைப்பு. ‘இந்தா’வுக்கு டேக் இட், ‘ங்க’வுக்கு சார். இதில் என்ன தப்பு?

வந்தவர் தேங்க்யூ சொல்லி வாங்கிக்கொண்டார். மேனேஜர் நெடுமாறனுக்குத்தான் பொறுக்கவில்லை. விருந்தாளி கார் ஏறியதும் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

“வயல்ல ‘இந்தா புடி’ன்னு நாத்து முடி வீசுற பரம்பரை. டேக் இட்டுன்னுதான் வாயில வரும். இவள குடோனுக்கு அனுப்புங்கப்பா.”

மகளை அழைத்துப்போக வந்த ரெத்தினம் அப்போது வாசலில்தான் நின்றார். அவர் காதில் அவ்வளவும் விழுந்தது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மனிதர் தலையைக் குனிந்தபடியே நடந்தாராம். அப்பாவைத் தலைகுனிய வைத்ததைத்தான் இவளால் மன்னிக்க முடியவில்லை.

“பானுக்கா, இந்த ஆளு ஒருநாள் என் முன்னாடி கைய நீட்டிக்கிட்டு நிப்பான். நிக்க வைக்கிறேன் பாருங்க” என்றாள் மறுநாள். எனக்கே பயமாக இருந்தது.

குடோனில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து இங்கிலீஷ் படித்தாள். “ஹியர் யூ கோவாம். குடுத்துட்டு எதுக்குக்கா போகச் சொல்றான்?” என்று கேட்டு என்னைச் சிரிக்கவைப்பாள். அது கூட்டாளிக்கு டீ கிளாசை நீட்டும்போது சொல்வது, விருந்தாளிக்கு ஹியர் யூ ஆர், கடிதம் என்றால் ப்ளீஸ் ஃபைண்ட் என்க்ளோஸ்ட் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் கற்றாள். படிப்பு அவளுக்குப் பாதிதான். மீதி வன்மம்.

மூன்றாம் வருடம் டைப் அடிக்க ஆள் இல்லாமல் அவளை மேலே கூப்பிட்டார்கள். நெடுமாறன் வாயால் இங்கிலீஷில் பொளந்து கட்டுவார், எழுத வராது. பெரிய வெளிநாட்டுக் கம்பெனிக்கு லேப் சான்றிதழ் அனுப்பும் கடிதத்தை அவர் “ஹியர் யூ கோ” என்று ஆரம்பித்துச் சொல்ல, இவள் ஒரு எழுத்து மாற்றாமல் அடித்தாள்.

“தப்புன்னு சொல்லேண்டி” என்றேன்.

“சொன்னத அடிக்கிறதுதாங்க்கா என் வேலை.”

கையெழுத்துப் போட உட்கார்ந்த முதலாளியம்மா பூமிகா அதைப் படித்துத் தலையில் அடித்துக்கொண்டார். இசைவாணி அங்கேயே ப்ளீஸ் ஃபைண்ட் என்க்ளோஸ்ட் என்று ஆரம்பித்துச் சரியாக அடித்து நீட்டினாள். அன்றோடு கடிதப் போக்குவரத்து முழுவதும் அவள் கைக்கு வந்தது. படிப்படியாக அலுவலகமே வந்தது. நெடுமாறன் அவளுக்குக் கீழே வேலை பார்க்க வேண்டியதாயிற்று. நன்றாக வேண்டும் என்றுதான் எனக்கும் இருந்தது.

போன மாதம் அவருக்கு நாகூர்ப் பக்கம் வேறு வேலை கிடைத்தது. இங்கே கடைசி நாள் சாயங்காலம் இவள் மேசைக்கு வந்தார். மறுநாள் காலை ரிலீவிங் லெட்டரோடு அங்கே போய்ச் சேர வேண்டும். அதில் இவள் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும்.

“லெட்டர் குடுத்தீங்கன்னா கெளம்பிடுவேன், மேடம்.” கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

ஒன்பது வருடம் அவள் காத்திருந்த நிமிஷம். லெட்டரைக் கையில் எடுத்தாள். கொடுக்கவில்லை.

“எங்கப்பா காதுபட அன்னைக்கு என்னைய என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?”

அவர் உண்மையாகவே யோசித்தார். “என்ன சொன்னேன் மேடம்? சத்தியமா ஞாபகம் இல்லயே.”

இவள் ஒரு நாள் விடாமல் சுமந்ததை அந்த ஆள் அன்றைக்கே மறந்துவிட்டிருக்கிறார்.

இசைவாணியின் முகம் வெளுத்தது. லெட்டரை மேசை டிராயருக்குள் வைத்துப் பூட்டினாள். எதிர் நாற்காலியைக் காட்டினாள்.

“உக்காருங்க சார். ஞாபகம் வந்ததும் சொல்லுங்க, தர்றேன்.”